தோளைத் தொடாமல் கடக்கலாகாது

இராசபாளையத்திலிருந்து இமயமலைக்கு இருசக்கர வண்டிப் பயணம் அழைத்துச் செல்லும் எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. சாலை பிரியுமிடத்தில் வழிகாட்டி நிற்பவரின் தோளைக் கடைசி வண்டிக்காரர் இறங்கி வந்து தொட வேண்டும். அதன் பின்னரே இருவரும் அவ்விடம் விட்டு நகரலாம். புதிதாகச் சேர்ந்தோர் இதனை அன்பின் அடையாளம் என்கின்றனர். சிலர் ராசி என்கின்றனர். என் பிழையால் பிறந்த விதி இது. பிழை செய்தவன் உயிரோடிருக்கும்போதே காரணம் பதிவாதல் முறை என்பதால் எழுதுகிறேன்.

திருவில்லிபுத்தூரில் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற பின், ஆறு கோடைகள் அக்குழுவின் கடைசி வண்டியை ஓட்டினேன். தனித்தமிழில் எழுதவே விழைபவன் நான். எனினும் தொழிற்சொற்களைத் தொழிலில் வழங்கியவாறே விட்டிருக்கிறேன்.

1. செருப்புக் காவல்

உரிமையாளர் வேங்கடராசா முதல் வண்டியில் செல்வார். சாலை பிரியுமிடத்தில் அவர் கை காட்டினால், அவருக்கு அடுத்து வருபவர் அங்கேயே நின்று பின்வருவோர்க்கு வழி காட்ட வேண்டும். அவரை 'மார்க்கர்' என்போம். செம்மஞ்சள் கொடி கட்டிய கடைசி வண்டி வரும்வரை அவர் நகரக்கூடாது. கைப்பேசி இயங்காத மலைகளில் ஒருவரும் வழி தவறாமலிருக்க இதுவே ஏற்பாடு.

பயிற்சியை எங்கள் ஊர்ப்பக்கமே வைத்துக்கொள்வோம். ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, திருவில்லிபுத்தூரை அடுத்து அதே பெயரில் உள்ள திருவண்ணாமலையில், பெருமாள் கோயில் அடிவாரத்தில் செல்லத்துரை மார்க்கராக நின்றார். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் கூடமொன்றில் துணி வெட்டுபவர், வயது நாற்பதிருக்கும். நான் கூட்டத்தில் சிக்கி ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். அவர் காலடியில் இருபது இணைச் செருப்புகள் கிடந்தன.

"என்னய்யா இது?"

"ஒரு ஆச்சி, 'நிக்கதே நிக்க, இதையும் செத்த பாத்துக்கிடு தம்பி'ன்னு போட்டுட்டு மலையேறுனாக சார். அதப் பாத்து எல்லாரும் போட்டுட்டாக. இப்பம் நான் போனா செருப்பு போயிரும், நின்னா வேங்கடராசா கொன்னுருவாரு."

குழுவினர் நெடுநாள் அவரைச் 'செருப்பு மார்க்கர்' என்றே அழைத்தனர். நிறுத்திய இடத்தில் நிற்பவர் என்பதை நான் மட்டும் குறித்துக்கொண்டேன்.

2. கடைசி வண்டி

கடைசி வண்டிக்காரனுக்குப் பின்னால் எவரும் இல்லை. முன்னே செல்வோரின் புழுதி தெரியும். அதுவும் வளைவில் மறைந்துவிடும். மரமற்ற மலை, காற்று, தலைக்கவசத்துக்குள் தன் மூச்சொலி. சில நாள்களில் காலை முதல் மாலை வரை ஒரு சொல்லும் பேசியிருக்க மாட்டேன். வகுப்பறையில் முப்பதாண்டுகள் பேசியவனுக்கு அது முதலில் ஓய்வாக இருந்தது, பின்னர் அவ்வாறில்லை.

லடாக் பயணமொன்றின் நான்காம் நாள். பழுதான வண்டிகளை ஏற்றிவர உடன் வரும் உதவி வண்டி, மூச்சுத்திணறல் கண்ட ஒருவரை ஏற்றிக்கொண்டு முந்திய நாளே கீழே இறங்கிவிட்டது. எஞ்சியோர் பத்துப் பேர். பனியுருகி ஓடிய நீரைக் கடக்கையில் என் வண்டியின் கிளட்ச் பிளேட் கருகிவிட்டது. மற்றவர்கள் முன்னே போய்விட்டனர். வெகுநேரத்துக்குப் பின் வந்த ஒரு சரக்கு லாரியின் பின்புறம் வண்டியைக் கிடத்தித் தார்ப்பாயால் மூடி, ஓட்டுநரருகே அமர்ந்தேன்.

நண்பகலில் சாலை பிரியுமிடம் வந்தது. செல்லத்துரை நின்றிருந்தார். நிறுத்தச் சொன்னேன். இந்த ஏற்றச் சேற்றில் நிறுத்தினால் மீண்டும் கிளம்பாது என்றார் ஓட்டுநர். எனக்கோ தலைவலி, குளிர், நான் வற்புறுத்தவில்லை. ஆவி படிந்த கண்ணாடிக்குள்ளிருந்து கையுயர்த்தினேன். செல்லத்துரையும் கையுயர்த்தினார். பின்னால் புறப்பட்டு வருவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அன்றிரவு தங்கவிருந்த கூடாரத்தை அடைந்து தேநீர் அருந்தி இரண்டு மணி நேரம் கடந்தது. பனி தூறத் தொடங்கவே வேங்கடராசா ஆள்களை எண்ணினார். அவர் எண்ணுவது எப்போதும் வீட்டுமொழியான தெலுங்கில். 'தொம்மிதி' என்று ஒன்பதில் நின்றது எண்ணிக்கை.

"செல்லத்துரை எங்க?"

"பின்னால வாராரு" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "சார், நீங்கதான கடைசி வண்டி. ஒங்களுக்குப் பொறவு எப்படி ஒரு ஆள் வருவான்?"

அப்போதுதான் விளங்கிற்று. மலைச்சாலையில் கடந்து போகும் லாரிக்கெல்லாம் நாங்கள் கையுயர்த்துவது வழக்கம். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. அவர் எதிர்பார்த்திருந்த கொடியோ தார்ப்பாய்க்கடியில் கிடந்தது.

"நான் போறேன்" என்று வேங்கடராசா எழுந்தார்.

"அவரு அந்தக் கொடியத்தான் தேடுவாரு. நான் போறேன். நீங்க போனா இந்த ஏழு பேருக்கு யாரு?"

சாவியைத் தந்தார். "இருட்டுக்குள்ள வந்துருங்க சார். அவன் கத்திரி புடிக்க ஆளு, கை வெறச்சிரப் போவுது."

கொடியை அவிழ்த்து அவர் வண்டியில் கட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பினேன். இருபத்தேழு கிலோமீட்டர். எதிரில் ஒரு வண்டியும் வரவில்லை. பனித்திரையில் முதலில் அவர் வண்டியும், பிறகு அவர் முதுகும் தெரிந்தன. நான் வந்திருக்க வேண்டிய திசையையே பார்த்து நின்றார். ஒரு கை மட்டும் சரியான பாதையை நோக்கி நீண்டிருந்தது. அழைத்தேன், காற்றில் கேட்கவில்லை. அருகில் சென்று தோளைத் தொட்டேன்.

"என்ன சார், அந்தப் பக்கமிருந்து வாறீக?"

"எம்புட்டு நேரம்யா நிப்பீரு? போயிருக்கலாம்ல?"

"நான் போயிட்டா நீங்க எந்தப் பக்கம்னு தெரியாம நிப்பீகளே. ஒங்களுக்குப் பின்னால யாரு இருக்கா?"

நீர்க்கடவையில் நனைந்த கையுறை அவர் வலக்கையில் விறைத்திருந்தது. இரு விரல்கள் மெழுகுபோல் வெளுத்திருந்தன. அவர் வண்டியை அங்கேயே விட்டு, அவரை என் பின்னால் ஏற்றி, அக்கையை என் சட்டைக்குள் வைத்துக்கொள்ளச் செய்தேன். வழி முழுதும் அது என் வயிற்றில் கல்லாகக் கிடந்தது. அவர் லாரியைப் பற்றிக் கேட்கவில்லை. நானே சொன்னேன். "நாலஞ்சு லாரி போச்சு சார். எல்லாத்துக்கும் கையக் காட்டுனேன்" என்றார்.

3. விரல்

விரல்கள் பிழைத்தன. சுட்டுவிரல் நுனிக்கு மட்டும் உணர்வு திரும்பவில்லை. ஊர் திரும்பிய சில மாதங்களுக்குப் பின் தளவாய்புரத்தில் அவர் வேலை செய்வதைப் பார்த்தேன். அடுக்கிய துணியைக் குனிந்து, விளிம்பில் கண் வைத்து எண்ணினார்.

"முன்ன வெரலே சொல்லிரும் சார், எத்தன மடிப்புன்னு. இப்பம் கண்ணு பாத்துச் சொல்லுது. கொஞ்சம் மெதுவா."

கொடியை வேங்கடராசாவிடம் திருப்பிக் கொடுத்தேன். தோள் தொடும் விதியை அவர் அந்த ஆண்டே வகுத்தார். இளையோர்க்கு நான் கூறுவது இவ்வளவே: நாம் கண்டுவிட்டோம் என்பதனால் அவரும் நம்மைக் கண்டுவிட்டார் என்று ஆகிவிடாது. வண்டியை நிறுத்த இயலவில்லையெனில் குதித்தேனும் இறங்குக.

தொலைவும் நேரமும் நினைவிலிருந்து எழுதியவை. அவர் நாலரை மணி நேரம் நின்றார் என்பது என் கணக்கு. மூன்று என்பாரும் உளர். உடன் வந்தோர் பிழை காணின் திருத்துமாறு வேண்டுகிறேன். செல்லத்துரையிடம் கேட்டால் "செத்த நேரந்தான் நின்னேன்" என்பார். அத்திருத்தத்தை மட்டும் நான் ஏற்பதற்கில்லை.