கைப்பையில் ஒரு குழிக்கரண்டி

மழை பெய்த மறுவாரம் கிணத்துக்கடவிலிருந்து அப்பாவின் தங்கையான அத்தை கொடுத்துவிடும் மஞ்சப்பை, கணபதியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அவருடைய தென்னந்தோப்பில் யாரும் விதைக்காமல் தானாக முளைக்கிற பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமுட்டிக்கீரை மூன்றும் கலந்து, மண்ணும் ஈரமுமாக உள்ளே கிடக்கும். பை வந்த அன்று அப்பா லேத் பட்டறையை நேரத்தோடு பூட்டிவிடுவார். களியும் கடைந்த கீரையும் இருந்தால் அவருக்கு வேறெதுவும் வேண்டாம்.

இதயத்தில் செயற்கை வால்வு வைத்த பிறகு அந்தப் பை நின்றுபோயிற்று. நிறுத்தியது அம்மா. வால்வில் ரத்தம் கட்டாமல் இருக்க அப்பா தினமும் ஒரு மாத்திரை போட வேண்டும். கீரையில் உள்ள வைட்டமின் கே ரத்தத்தை உறைய வைக்க உதவுவது. அதாவது மாத்திரை ஒரு பக்கம் இழுத்தால் கீரை மறுபக்கம் இழுக்கும். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் கீரையே ஆகாது என்று சொல்லிவைக்க, அம்மா அதைச் சட்டமாக்கிவிட்டார். அத்தையிடம் மட்டும் காரணம் சொல்லவில்லை. கீரை ஆய ஆளில்லை என்று சமாளித்தாயிற்று. தான் இன்னும் மாத்திரையில் ஓடுவது தங்கைக்குத் தெரியக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு.

நான் ஊட்டச்சத்துப் படிப்பு முடித்தவள். சும்மா இருப்பேனா? தேடத் தேட இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, கீரையை விலக்க வேண்டியதில்லை. ஒரு நாள் நிறைய, மறுநாள் ஒன்றுமில்லை என்று ஏறி இறங்குவதுதான் ஆபத்து. தினமும் ஒரே அளவு என்றால் அதற்கேற்ப மாத்திரையை வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது என்னைப் படுத்திய விஷயம். பாலக்குக்கும் முருங்கைக்கும் அட்டவணையில் எல்லாம் போட்டிருக்கிறார்கள். எங்கள் தோப்புக் கீரைகளுக்கோ இரும்பு, சுண்ணாம்பு, வைட்டமின் ஏ வரைக்கும் ஏதோ கிடைத்தது. வைட்டமின் கே என்ற கட்டத்தில் வெறும் கோடு. கொதித்தால் வைட்டமின் சி போய்விடும் என்று தெரியும். போகாமல் தங்குகிற இந்த கே எவ்வளவு என்று சொல்லத்தான் ஆளில்லை.

டாக்டர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். தினமும் ஒரே அளவு, வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை, அளவை ஒரு நாளும் மாற்றக்கூடாது என்றார். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அந்தப் பரிசோதனை காட்டும் எண் தாறுமாறாக ஆடினால் இந்த யோசனையை விட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார். அப்பா அன்று பஸ்ஸில் வரும்போதே பை எப்போது வரும் என்று கேட்டார்.

கீரை ஆய இப்போது நான் இருக்கிறேன் என்று அத்தையிடம் சொல்ல, மறுபடி பை வந்தது. எங்கள் வீட்டுக் குழிக்கரண்டியில் ஒன்று என்று அளவு வைத்தோம். அம்மா கடைவார், நான் ஊற்றுவேன். நான் தலை தட்டி ஊற்றுவதைப் பார்த்து, ரேஷன் கடையில் உனக்கு வேலை இருக்கிறது என்பார் அம்மா. முதல் வாரப் பரிசோதனையில் எண் கொஞ்சம் குறைந்திருந்தது. டாக்டர் மாத்திரையைச் சற்றே கூட்டிவிட்டு, அடுத்த வாரம் வியாழக்கிழமைப் பரிசோதனையில் நிலைக்கிறதா பார்ப்போம் என்றார். அந்த அடுத்த வாரத்துக்கு நடுவில்தான் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அத்தை வீட்டில் விருந்து.

எங்கள் பக்கத்து விருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். போதும் என்று சொல்வதற்கு இங்கே அர்த்தம் கிடையாது. போதுமுங்க என்றால் இன்னொரு கரண்டி விழும். கையைக் குறுக்கே வைத்தால் விரலிடுக்கில் விழும். அத்தை வீட்டுக் கரண்டியோ எங்களுடையதைப் போல இரண்டு பங்கு. ஆகவே நான் எங்கள் குழிக்கரண்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

இலை போட்டதும் கீரைச் சட்டியை நானே எடுத்து, என் கரண்டியால் அப்பாவுக்கு ஊற்றினேன். அத்தை அடுக்களை வாசலில் நின்று பார்த்தார்.

"ஏங் கண்ணு, அத்தையூட்டுல கரண்டி இருக்காதுன்னு கொண்டாந்தயா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சட்டியை என் கையிலிருந்து வாங்கி, தன் கரண்டியை நிறைத்துக்கொண்டு அண்ணன் இலைக்குக் குனிந்தார். நான் யோசிக்காமல் இரண்டு கையையும் இலைக்கு மேலே விரித்துவிட்டேன். சூடான கீரை கொஞ்சம் என் மணிக்கட்டில் வழிந்தது.

"நா என்ன வெசமா ஊத்தறேன், அம்மணி?" என்றார் அத்தை. குரல் தாழ்ந்துதான் இருந்தது. ஆனால் பந்தியில் பேச்சு நின்றுவிட்டது. இடையில் ஒரு வருடம் மஞ்சப்பையை வேண்டாம் என்றதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது.

அப்பா என் கைகளை மெல்ல விலக்கினார். ஊற்றச் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். வியாழக்கிழமைப் பரிசோதனை கண்முன் வந்து போயிற்று.

"கரண்டிய வெய்யி அம்மணி," என்றார் தங்கையிடம். "எனக்குள்ள ஓடறது மிஷின் வால்வு. மாத்திரையும் கீரையும் தெனமும் ஒரே அளவுல போனாத்தான் அது ஓடும். இன்னிக்கு ரெண்டு வேண்டாம். நாளைக்கு ஒண்ணு ஊத்து, நாளைக்கும் வாரேன்."

அத்தை சட்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆப்ரேசனோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று இத்தனை நாள் நினைத்திருந்தவர். பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

"அந்தக் கரண்டிய இங்கயே உட்டுட்டுப் போ. அண்ணன் வாரப்ப வேணுமல்ல?"

அப்பா சொன்னபடி மறுநாளும் போனார். பட்டறையைப் பாதியில் விட்டுவிட்டு, கிணத்துக்கடவில் நிற்கும் பொள்ளாச்சி பஸ் பிடித்து, ஒரு கரண்டி கீரைக்காக. நாங்கள் கணபதியில் வேறொரு குழிக்கரண்டி வாங்கிக்கொண்டோம். பழைய கரண்டியில் மூன்று ஊற்றினால் நிறையும் டம்ளரைக் கையோடு கொண்டுபோய், தண்ணீர் ஊற்றிப் பார்த்துத்தான் வாங்கினேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வியாழக்கிழமை எண் எல்லைக்குள் வந்தது. அட்டவணையில் கோடு போட்டிருந்த கட்டத்துக்கு என்னிடம் இப்போதும் பதில் இல்லை. அப்பாவின் இலைக்கு மட்டும் ஒரு பதில் கிடைத்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே அத்தைக்குப் போன் போட்டேன். அவர் எண்ணைக் கேட்டுக்கொண்டார். அது நல்லதா என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு குரலை இறக்கி, அப்படியென்றால் அரைக் கரண்டி கூட்டலாமா என்றார். கூடாதுங்க அத்தை என்றேன்.

"செரி," என்றார். "தாளிக்கறப்ப எண்ணெயாவது ஒரு சொட்டுச் சேத்தி ஊத்தச் சொல்லு உங்கம்மாவ."

கீரையில் உள்ள வைட்டமின் ஏ உடம்பில் சேர எண்ணெய் வேண்டும். சொல்கிறேன் என்றேன்.