நட்சத்திரத்தைத் தள்ளாட வைத்தவள்

கோளரங்கத்தில் அவளை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள், ஏனென்றால் பெயர் வந்தது வயதால் அல்ல. வாசலில் வந்து நின்றால் வாசல் நிறையும் உடம்பு. சின்ன வயதிலிருந்தே பட்டப்பெயர்களைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது மரத்துப் போயிருந்தது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்வது அவள் வேலை. அதில் ஒரே ஒரு கிரகத்தை மட்டும் வேறு யாருக்கும் விட்டுத் தரமாட்டாள். எங்கோ தொலைவில் ஒரு நட்சத்திரம். அதைச் சுற்றி, வியாழனைப் போலவே வாயுவாலான, ஆனால் வியாழனைவிடப் பல மடங்கு கனமான ஒரு கிரகம். அதை யாரும் கண்ணால் கண்டதில்லை. நட்சத்திரம் லேசாகத் தள்ளாடியதை வைத்துத்தான், ஏதோ கனமான ஒன்று அதை இழுக்கிறது என்று கண்டுபிடித்தார்கள்.

இதை விளக்க, பிள்ளைகளோடு வந்த ஒல்லியான ஆசிரியர் ஒருவரை மேடைக்கு அழைப்பாள். அவர் நட்சத்திரம், தான் கிரகம் என்று சொல்லி, அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சுற்றுவாள். ஆசிரியர் நின்ற இடத்தில் நிற்க முடியாமல் தள்ளாடுவார். பிள்ளைகள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் கேட்பாள்: "என்னைத் திரை போட்டு மறைச்சுட்டா, நான் இருக்கேன்னு எப்படித் தெரியும்?"

"சார் தள்ளாடுறாரே" என்று அரங்கமே சொல்லும்.

புதிதாக வந்த மேலாளருக்கு இது பிடிக்கவில்லை. பிள்ளைகள் அவள் உடம்பைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள், அது அரங்கத்துக்கு அழகில்லை என்று பட்டும் படாமலும் சொன்னார். நாளையிலிருந்து பார்வையாளர்களின் பைகளை வாங்கி வைக்கும் அறையில் அவள் உட்காரட்டும் என்றார்.

வீட்டில் தங்கை, வம்பு எதற்கு, கொஞ்சம் இளைத்துத்தான் காட்டேன் என்றாள். பெரியக்காவின் கணவர் பஸ் ஓட்டுபவர், அதிகம் வாய் திறக்காதவர். "இளைச்சா வேற ஏதாவது சொல்வாரு" என்றார். பெரியக்காவுக்கு அழுகை வந்தது. அழுதாள். முகம் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். எப்போதும்போல இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் பை அறைப் பக்கமே போகாமல் நேரே மேடை ஏறினாள். காட்சி முடிந்த கையோடு மேலாளர் கூப்பிட்டனுப்பினார். சொன்னது காதில் விழவில்லையா என்று கேட்டார்.

"விழுந்துச்சு சார். மாத்துறதா இருந்தா எழுத்துல குடுங்க. காரணம், இவ உடம்புன்னு போடுங்க. கீழ உங்க கையெழுத்தையும் போடுங்க."

"அதெல்லாம் எப்படிம்மா எழுத முடியும்?"

"எழுத முடியாததை வாயால மட்டும் எப்படி சார் சொன்னீங்க?"

அவர் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"பிள்ளைங்க சிரிக்கிறது எனக்குத் தெரியாதா சார்? சிரிக்கட்டும். பாடத்தையும் சேர்த்துத்தான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்க."

அவர் எழுதவில்லை. சும்மாவும் இருக்கவில்லை. முக்கிய விருந்தினர்கள் வரும் நாள்களில் அவளுக்கு விடுப்பு கொடுத்துப் பார்த்தார். கொடுத்த விடுப்பை எடுக்காமல் அவள் வந்து நின்றாள். கடைசியில் அவருக்கே அலுத்துவிட்டது.

பெரியக்கா அதோடு விடவில்லை. அரங்கத்துச் சீருடை அவள் அளவுக்கு வந்ததே கிடையாது. இத்தனை வருடமும் தானே துணி வாங்கித் தைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஆண்டு, மற்றவர்களைப் போல எனக்கும் அளவெடுங்கள் என்று முதல் ஆளாகப் போய் நின்றாள். அளவு நாடாவைச் சுற்றிப் பிடிக்கக் கை எட்டாமல் தையற்காரர் விழித்தார்.

"பின்னால சுத்தி வாங்க" என்றாள் பெரியக்கா, கைகளை நன்றாக விரித்துக்கொண்டு. "அவசரமே இல்ல."