பிடிலில் மிச்சமிருக்கும் பொன்

“தங்கத்தைச் சொரண்டுனவ மவ, படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறா?” என்று, எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் ஹைஸ்கூலுக்குக் கிளம்பிய அன்று, மாரண்டஹள்ளி பெரிய வீட்டம்மா தெருவே கேட்கச் சொன்னார்.

இன்று டீச்சர் வேலைக்கான உத்தரவோடு தருமபுரிக் கடைத்தெருவில் நடந்தபோது, பழைய சாமான் கடையில் அந்தப் பிடிலைப் பார்த்தேன். பெரிய வீட்டம்மாவின் கூடத்துச் சுவரில் பிடிலும் ஊதுகொம்பும் மத்தளமும் பொன்னிற அலங்காரங்களாகத் தொங்கும்; ஒரு நாளும் பாட்டுக் கேட்காத அந்தக் கூடத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம், “அசல் பித்தளைங்க, பெங்களூர்ல வாங்குனது” என்பார். அதை நம்பித்தான், அங்கே வேலை செய்த என் அம்மா, பொங்கலுக்கு முன் குத்துவிளக்கைத் தேய்ப்பது போலவே, புளியையும் சாம்பலையும் தேங்காய் நாரில் தொட்டுப் பிடிலின் தந்தி இடுக்கெல்லாம் தேய்த்தாள். பூச்சு கரைந்து உள்ளேயிருந்த வெள்ளைச் சாந்து பல்லிளித்தது.

பித்தளை என்று பெருமையடித்த அதே வாய், விருந்தாளிகள் முன்னால், “தங்க முலாமுங்க, சொரண்டி எடுத்துட்டா” என்றது.

“புளிதானுங்கம்மா போட்டேன்” என்றாள் அம்மா. ஒருவரும் காதில் வாங்கவில்லை. அதன்பின் எந்த வீடும் அவளை வேலைக்கு உள்ளே விடவில்லை.

அந்த வீட்டை இடித்துத் தக்காளி மண்டி கட்டிவிட்டார்கள். அந்தம்மா ஓசூரில் மகனோடு இருக்கிறார். கடையிலிருந்த பிடிலின் தந்தி இடுக்கில், அம்மா தேய்த்ததில் தெரிந்த வெள்ளை அப்படியே இருந்தது. உடம்பில் மட்டும் பொன் மிச்சமிருந்தது.

பிடிலோடு ஒரு உருண்டைப் புளியும் வாங்கிக்கொண்டு ஓசூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.