லைஃப்போட்டுக்குக் கீழே ஒரு ஜோடி ஷூ

காளிராஜைக் காணவில்லை என்பது பத்து மணி டீக்குத்தான் தெரிந்தது. நான் அந்தக் கப்பலில் போசன், அதாவது மேல்தளத்தில் வேலை பார்க்கிற டெக் ஆட்களை மேய்க்கிறவன்; காளிராஜ் அவர்களில் ஒருவன். எனக்கு ஆமத்தூர், அவனுக்கு எம். புதுப்பட்டி. பக்கத்து ஊர்க்காரன் என்பதால் கொஞ்சம் அதிகமாகவே திட்டுவேன்.

கப்பலைத் திருப்பி மறுநாள் பொழுது சாயும்வரை தேடினோம். கிடைத்தது அவன் சேஃப்டி ஷூ மட்டும். லைஃப்போட்டுக்குக் கீழே, சாக்ஸைச் சுருட்டி உள்ளே திணித்து, ஜோடியாக வைத்திருந்தான்.

கேப்டன் சென்னைக்காரர். "ஷூவைக் கழட்டி வெச்சுட்டுப் போயிருக்கான் போசன். குதிச்சிட்டான். வேற என்ன அர்த்தம்? ரிப்போர்ட்ல அப்படித்தான் எழுதணும்" என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. காணாமல் போவதற்கு முந்தின ராத்திரி ரெண்டு தட்டுச் சோறு தின்றவன் அவன்.

அன்றைக்கே அவன் மனைவி முத்துலட்சுமி போனில் வந்தாள். பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கிறவள்.

"அண்ணே, அவுகளாக் குதிச்சிட்டாகன்னு கப்பல் ஆபீஸ்ல சொல்றாக. நெசமா?"

"ஷூவ ஜோடியாக் கழட்டி வச்சிருக்கான் தாயி. அதான் கேப்டனுக்குச் சந்தேகம்."

"எங்கன வச்சிருந்தாக?"

"லைஃப்போட்டுக்குக் கீள."

"அங்கன வெடி மருந்து ஏதும் இருக்காண்ணே?"

"போட்டுக்குள்ள, ஆபத்துன்னா சிக்னலுக்கு விடுற ராக்கெட்டு இருக்கு. ஏன்?"

"மருந்து ரூமுக்குள்ள நாங்க யாரும் செருப்போட போக மாட்டோம். மண்ணு ஒரசுனாலே தீப்பிடிச்சிரும். அவுக கப்பலுக்கு வர்றதுக்கு முந்தி அஞ்சு வருசம் மருந்து ரூம்லதான் இருந்தாக."

போனை வைத்துவிட்டு ஓடினேன். போட்டுக்குள் ஆளைத் தேடினோமே தவிர, ராக்கெட் டப்பாவை யாரும் பார்க்கவில்லை. அது திறந்து கிடந்தது. தேதி முடிந்த ராக்கெட் நான்கும் துணியில் சுற்றி ஓரமாக இருந்தன. அவற்றை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கச் சொல்லி, ஆபீசர் போட்ட அந்த வார வேலைப் பட்டியலிலேயே இருந்திருக்கிறது. டப்பாவில் புதியவை மூன்று இருந்தன. நான்காவதைக் காணோம்; அதைக் கையில் வைத்துக்கொண்டு, போட்டுக்கு ஏறும் ஈரப் படியில் வெறுங்காலோடு ஏறும்போது வழுக்கிக் கடலில் விழுந்திருக்கிறான்.

கேப்டன் வந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். ரிப்போர்ட்டில் 'பணியின்போது தவறி விழுந்தார்' என்று எழுதினார்.

முத்துலட்சுமி அதைப் போனில் வாசிக்கச் சொன்னாள். ரெண்டு தரம் வாசித்தேன்.

"போதும்ணே. எங்கள வேண்டாம்னு போகல, வேல பாக்கப் போனாகன்னு எம் மகட்டச் சொல்லிருவேன்" என்று அழுதாள்.

கடல் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. லைஃப்போட்டில் ஏறிப் பழகும் டிரில்லில் அவன் ஷூவைக் கழற்றியதை மூன்று தடவை பார்த்திருக்கிறேன்; தேடும்போது அது எனக்கு நினைவுக்கே வரவில்லை. "ஏலே, இது என்ன கோயிலா?" என்று மூன்று தடவையும் திட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே மாட்டிக்கொள்வான். ஒரே ஒரு தடவை ஏன் என்று கேட்டிருந்தால், "ஏலே, இந்த ராக்கெட்டு சீல் வச்சது, ஷூ போட்டே தொடலாம்" என்று சொல்லியிருப்பேன்.