தமக்கு எதிராகக் கை தூக்கியவர்

அப்போது நான் பாகூர்க் கால்பந்துக் கழகத்தின் செயலாளர், கல்லூரியில் பயின்றவன். நான் முன்மொழிந்த பெயர் எதுவும் அதுவரை தோற்றதில்லை.

சென்னைக்குச் செல்லவிருந்த பிரெஞ்சிந்திய அணிக்கு அடுத்த பயிற்சியாளர் யார் என்று முடிவுசெய்யத் தேர்வுக் குழுவினர் வில்லியனூரில் கூடினோம். போட்டியில் இருவர். ஒருவர் பள்ளியின் தேகப்பயிற்சி ஆசிரியர். மற்றவர், நான் முன்மொழிந்தவர், சைகோனில் பணியாற்றித் திரும்பிய பட்டாளத்துக்காரர். நெடிய உருவம், முறுக்கிய மீசை, கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில். பேசத் தொடங்குமுன் அதைத் தொட்டுக்கொள்வார்.

இருவருக்கும் சரிபாதிக் கைகள் எழுந்தன. பட்டாளத்துக்காரரும் குழுவில் ஒருவர். அவர் கை மட்டுமே மீதமிருந்தது.

"இன்னா முசியே, விசில் ஊதினாத்தான் உங்க கை எழும்புமா?" என்று ஒருவர் சீண்டினார்.

சிரிப்பு அடங்கியதும் அவர் ஆசிரியருக்காகக் கை தூக்கினார்.

வெளியே வந்ததும் காரணம் கேட்டேன். விசிலைத் தொட்டுக்கொண்டார்.

"நான் கத்தினா பசங்க பயந்துபோயி என் மூஞ்சியப் பாக்குறானுங்க ஐயா. பந்தைப் பாக்க மாட்டேன்றானுங்க."

"இதை முன்பே சொல்லியிருக்கலாமே?"

"ஆசை இருந்துச்சே ஐயா. இப்பவும் இருக்குது."

அந்த ஆசையோடு தமக்கு எதிராகக் கையை எப்படி உயர்த்தினார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

நான் அவரை மிரட்டி விலக வைத்ததாக வில்லியனூரில் சிலர் சொல்கிறார்கள். அது பொய். அன்று அவருக்காக முதலில் உயர்ந்த கை என்னுடையது.