மகிழ்ச்சி ஞாயிறு

அமலோற்பவத்தை யாராவது அப்பாவி என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். என் வயதுக்காரி. திருப்பதி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் பதினெட்டு வருடமாகப் படுக்கை விரிப்பு துவைக்கிறாள். மலைக்குப் போகிற அவசரத்தில் சனங்கள் விட்டுப்போகும் அழுக்கையெல்லாம் பார்த்தவள். மேனேஜர் ரமணாவையே தெலுங்கில் ஒரு பிடி பிடித்துவிட்டு, திரும்பித் தமிழில் என்னிடம் சிரிப்பாள். அப்படிப்பட்டவள், மார்ச்சில், தவக்காலத்தில் புருஷன் சூசைநாதன் மாரடைப்பில் போனதிலிருந்து சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அடக்கத்தன்றுகூட, வந்தவர்களுக்குக் காபி போதுமா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வேலைக்குப் போவாள், சாப்பிடுவாள், பூசைக்கு வருவாள். ஜெபமாலை உருட்டினால் விரல் மட்டும்தான் நகர்கிறது என்றாள் ஒருநாள். சாமிமேல் கோபமா என்று கேட்டேன். கோபம் வந்தால்கூடத் தேவலையே என்றாள்.

எங்கள் கோயிலில் மாதத்துக்கு ஒரு தமிழ்ப் பூசை. நகரி, புத்தூரிலிருந்தெல்லாம் வருவார்கள். இந்த வருடம் அது திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறாக அமைந்தது. பீடத்தருகே பச்சை இலை வளையத்தில் நான்கு மெழுகுவத்திகள், மூன்று ஊதா, ஒன்று ரோஸ். கிறிஸ்து பிறப்புக்குக் காத்திருக்கும் நான்கு வாரமும் ஒவ்வொன்றாகக் கூட்டி ஏற்றிக்கொண்டே போவோம். மூன்றாம் வாரம் ரோஸ், ஏனென்றால் அது மகிழ்ச்சி ஞாயிறு. ஏற்றுகிற குடும்பம் மைக்கில், "ஆண்டவரே, எங்களை மகிழ்ச்சியால் நிரப்பினீர்" என்று சொல்ல வேண்டும். சனங்கள் ஆமென் சொல்வார்கள். எந்தக் குடும்பம் என்று பட்டியல் போடுவது நான். அமலோற்பவத்தின் பெயரை எழுதிவைத்தேன். அவள் மனசு கொஞ்சம் இளகட்டுமாம். பெரிய உபகாரி நான்!

அவள் வேண்டாம் என்றாள். "கோயில்ல நின்னுகினு பொய் சொல்லச் சொல்றியா? அந்த ஆளு செத்ததே இன்னும் எனக்கு ஒறைக்கல." ஒரு வரிதானே, வாய் சொன்னால் மனசும் பின்னாலேயே வரும் என்று நான் விடவில்லை.

ஞாயிறன்று தனியாகத்தான் பீடம் ஏறினாள். முதல் இரண்டு ஊதாவை ஏற்றினாள். கை பழக்கத்தில் அடுத்த ஊதாவுக்கும் போய் அதையும் ஏற்றிவிட்டது. ரோஸ் அப்படியே நின்றது. முன் பெஞ்சில் கிசுகிசுத்தார்கள். ரோஸ் நிற அங்கியில் இருந்த ஃபாதர் என்னவோ சொல்ல வாயெடுத்தார், விட்டுவிட்டார். அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. பார்த்தாள், மாற்றவில்லை. மைக்கருகே வந்து நான் எழுதிக் கொடுத்த தாளை விரித்தாள். அதை மறுபடி மடித்துக்கொண்டாள்.

"சாமி, எனக்கு சந்தோசம் வரல. அழுகையும் வரல. நீ வரப்போறேன்னு சொல்றாங்க. நான் இங்கதான் நின்னுகினு இருக்கேன்."

மைக்கில் ஜெபம் நின்றால் ஆமென் சொல்லிப் பழகிய கூட்டம். யோசிக்காமல் அத்தனை பேரும் ஒரே குரலில் ஆமென் என்றார்கள்.

அமலோற்பவம் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். படி இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்து வலித்தது. நான் கையை இழுக்கவில்லை. காணிக்கைப் பாட்டின் நடுவே என் காதருகே குனிந்தாள்.

"அவரு பூட்டாரு இல்ல?"

சூசைநாதன் போய் ஒன்பது மாதம் கழித்து இப்போதுதான் கேட்கிறாள்.

"ஆமா அமலா," என்றேன், "பூட்டாரு."