ஷீட்டில் இல்லாத வயல்

அறுவடை மெஷின் வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்றின் முத்துப்பேட்டை கிளையில் நான் வேலை பார்த்தேன். கிளை என்றால் ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், நான். தலைமை ஆபீஸ் தஞ்சாவூர். பட்டுக்கோட்டையிலும் மன்னார்குடியிலும் மற்ற கிளைகள். எல்லோருக்கும் ஆன்லைனில் ஒரே ஷீட். மறுநாள் யார் வயலுக்கு எந்த வண்டி என்று அவரவர் ஊர் புக்கிங்கை அவரவர் ஏற்ற வேண்டும். சாயங்காலம் தஞ்சாவூரில் அதைப் படம் பிடித்து டிரைவர்களின் வாட்ஸ்அப்பில் போடுவார்கள். அந்தப் படத்தில் இல்லாத வயல் பூமியிலேயே இல்லை.

மன்னார்குடி கிளையில் இருந்தவர் முதலாளியின் மச்சான். அவருக்கு நெட் மேல் நம்பிக்கை கிடையாது. காலையில் ஷீட்டைத் தன் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்வார். பகலெல்லாம் அதில் எழுதுவார். சாயங்காலம் அந்தக் காப்பியை அப்படியே தூக்கி எல்லோருடைய வரிகளின் மேலும் ஒட்டிவிடுவார். பகலில் நாங்கள் ஏற்றியதெல்லாம் போச்சு. ஒருமுறை போனில் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். "நேத்து வந்த பொண்ணு நீ. எனக்குக் கத்துக்குடுக்கிறியா?" என்றார். அதன்பிறகு அவர் ஒட்டி முடிக்கும்வரை காத்துக் கிடந்து, எங்கள் வரிகளை மறுபடி ஏற்றுவதே என் பிழைப்பாகிவிட்டது. முதலாளிக்கு எல்லாம் தெரியும். மச்சானை யார் கேட்பது?

தை மாதம். அப்பாவின் குத்தகை வயலில் சம்பா முற்றி நின்றது. பள்ளமான வயல், மழை விழுந்தால் தண்ணீர் வடிய வழியில்லை. மழை வரும் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பா மற்றவர்களைப் போலவே ஆபீசுக்கு வந்து என் மேசை முன்னால் நின்றார். "நாளைக்கு ஒரு பெல்ட் வண்டி போடுங்கம்மா, ஈரத்துல டயர் வண்டி இறங்காது" என்று மரியாதையாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏற்றினேன். எங்கள் ஊரில் அன்று புதிதாக வந்த புக்கிங் அது ஒன்றுதான்.

அன்றைக்கென்று மன்னார்குடிக்காரர் தாமதமாக ஒட்டினார். ஒட்டிய கையோடு தஞ்சாவூரில் படம் பிடித்துவிட்டார்கள். அப்பா பெயர் இல்லை. உடனே வரியை மறுபடி ஏற்றிவிட்டு மன்னார்குடிக்குப் போன் போட்டேன். "என் காப்பில இல்லாத ஆளை நான் எங்கேர்ந்தும்மா கொண்டு வர்றது?" என்றார். முதலாளிக்குப் போட்டேன்.

"சார், நான் ஏத்தினது ஷீட்டோட பழைய பதிவுல அப்படியே இருக்கு. திறந்து பாருங்க."

"அடுத்தவன் பேரு போனப்பல்லாம் வாயத் திறக்கல. அப்பன் பேரு போனதும் கண்ணு தெரியுதோ? இப்ப வண்டி அனுப்பினா, ஆபீஸ்காரி தன் வீட்டுக்கே ஓட்டிக்கிட்டான்னு ஊர் சிரிக்கும். ஒரு நாள் பொறுத்தா உங்க நெல்லு ஓடியா போயிடும்?"

வாயைத் திறக்கவில்லையாம்.

மறுநாள் வண்டி வந்தது, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், முன்பே புக் செய்திருந்த வயலுக்கு. அப்பா தாண்டிப் போய் டிரைவரிடம் கெஞ்சியிருக்கிறார். அவன் போனைக் காட்டி, "படத்துல உங்க பேரு இல்லங்க. இறங்கினா என் வேலை போயிடும்" என்றானாம். அங்கே நின்றபடியே அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"எழுதினியா இல்லியாம்மா?"

"எழுதினேம்பா."

"அப்ப எங்க?"

ஒட்டுவது, அழிவது என்று ஏதேதோ சொன்னேன். "நீ உள்ள இருந்து என்ன பிரயோஜனம்" என்று வைத்துவிட்டார். மத்தியானம் மழை பிடித்தது. விடவே இல்லை. பயிர் படுத்து, கதிரிலேயே நெல் முளைத்துவிட்டது.

மழை விட்டபின் முதலாளி கூப்பிட்டார். முடிந்த புக்கிங்குகளை மூட வேண்டுமாம். அதற்கு ஷீட்டில் ஒரு கட்டம் உண்டு. அதில் 'முடிந்தது', 'நிலுவை', 'விவசாயி ரத்து' என்பவற்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

"உங்க அப்பா வரி திறந்தே கெடக்கு. மூடு."

"எதைப் போடறது சார்? கம்பெனி வரலன்னு ஒண்ணு இல்லியே."

"இருக்கிறதுல போடு."

"நான் போட மாட்டேன் சார்."

சிரித்தார். "உனக்கு எதுக்கு சிரமம். நானே போட்டுக்கறேன்."

ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். தஞ்சாவூரில் அவர் கர்சரை நகர்த்த, இங்கே ஒரு பச்சைக் கட்டம் வரிவரியாக இறங்கி வந்து அப்பாவின் பெயருக்கு நேராக நின்றது. 'விவசாயி ரத்து' என்று விழுந்தது. அப்படி விழுந்தால் அந்த விவசாயிக்குத் தானாகவே ஒரு மெசேஜ் போகும். கைநீட்டித் தடுக்கவா முடியும்?

கொஞ்ச நேரத்தில் அப்பா கூப்பிட்டார். கோபமே இல்லை குரலில்.

"தாங்கள் கேட்டுக்கொண்டபடி ரத்து செய்யப்பட்டதுன்னு வந்திருக்கு. கீழ முத்துப்பேட்டை கிளைன்னு போட்டிருக்கு. அங்க இருக்கிறது நீ ஒருத்திதானேம்மா?"